பந்தயக் குதிரையின் வயிறு

மாடும் குதிரையும் புல் தின்பவைதான் என்றாலும் இரண்டின் வயிறும் ஒன்றல்ல. மாடு அசைபோடும். அதன் நான்கு அறை இரைப்பையில் புல் முதலில் நொதித்து, அதன் பிறகே செரிக்கிறது. குதிரையிடம் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. மனிதனுக்கு உள்ளதுபோன்ற ஓரறை இரைப்பையும் சிறுகுடலும் முன்னால். புல்லை நொதிக்கவைக்கும் தொட்டி அவற்றுக்குப் பின்னால், குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும். பந்தயக் குதிரை, தடைதாண்டும் குதிரை, நெடுந்தூரம் ஓடும் குதிரை என எதை எடுத்தாலும் அவற்றுக்கு வரும் செரிமானத் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த அமைப்போடு தொடர்புடையது. வெட்டவெளியில் திரியும் குதிரை ஒரு நாளில் பாதிக்கு மேல், சில சமயம் 16 மணி நேரம்வரை, நடந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக மேயும். லாயத்தில் கட்டிய குதிரைக்கோ தீவன நேரத்தை ஆட்களின் வேலை நேரம் முடிவு செய்கிறது: விடிகாலையில் ஒரு வாளி, நண்பகலில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. இடைப்பட்ட பொழுதில் அது சுவரைப் பார்த்து நிற்கிறது.

செரிமானம் வாயில் தொடங்குகிறது. சாப்பாட்டை நினைத்தாலே மனிதனுக்கு நாவில் நீர் ஊறும். குதிரைக்கு அப்படி ஊறுவதில்லை. தாடை அசைந்தால்தான் உமிழ்நீர் சுரக்கும். ஒரு கிலோ காய்ந்த புல்லை மென்று முடிக்க அதற்குச் சுமார் 40 நிமிடம் ஆகிறது, தாடை 3,000 முறைக்கு மேல் அசைகிறது. ஒரு கிலோ ஓட்ஸை வைத்தால் பத்து நிமிடத்தில் தொட்டி காலி. ஆயிரம் முறைபோல மென்றிருக்கும். நாள் முழுக்கப் புல் தின்னும் குதிரையின் வாயில் 35 முதல் 40 லிட்டர் உமிழ்நீர் சுரந்து உள்ளே போகும். அதிலுள்ள பைகார்பனேட் இரைப்பையின் அமிலத்தைத் தணிக்கும். புல்லைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டும்போது உடலுக்குப் போகும் சக்தி கூடுகிறது. இந்த உமிழ்நீர் பல லிட்டர் குறைந்துபோகிறது. லாயங்களில் தீவனக் கணக்கு கிலோவிலேயே எழுதப்படுகிறது. மென்ற நேரத்தை யாரும் எழுதி வைப்பதில்லை.

500 கிலோ எடையுள்ள குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். மொத்தச் செரிமானப் பாதையின் கொள்ளளவில் இது பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் உள்ள வளைதசை மிக வலுவானது. குழாய் சேரும் கோணமும் சாய்வானது. அதனால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னோக்கி மட்டுமே நகரும். நகர வழியில்லாமல் வாயுவும் நீரும் சேர்ந்துகொண்டே போனால் இரைப்பை கிழிந்துவிடவும் கூடும். அப்படிக் கிழிந்த குதிரை பிழைப்பதில்லை.

இந்தச் சிறிய இரைப்பை அமிலம் சுரப்பதை ஒருபோதும் நிறுத்துவதில்லை. தீவனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பகலானாலும் இரவானாலும் சுரந்துகொண்டே இருக்கும். நாளெல்லாம் மேயும் பிராணிக்கு இது பொருத்தமான ஏற்பாடுதான். இரைப்பையின் உட்சுவரில் இரண்டு பகுதிகள் உண்டு. கீழ்ப்பகுதியில் சுரப்பிகள் உள்ளன; அமிலத்தைச் சுரப்பதும் அங்கேதான், அதைத் தாங்கும் வழவழப்பான சளிப்படலம் இருப்பதும் அங்கேதான். மேல்பகுதி உணவுக்குழாயின் தோலைப் போன்றது. அதற்கு அந்தக் கவசம் கிடையாது. இரண்டுக்கும் நடுவே வயல் வரப்புபோல ஒரு மேடு ஓடுகிறது. மேய்ச்சலில் உள்ள குதிரைக்கு அமிலம் வரப்புக்குக் கீழேயே தங்கும். மேலே நார் கலந்த புல் ஒரு பாய்போல மிதக்கும்.

குதிரை ஓடத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. பாய்ச்சலில் வயிற்றுத் தசைகள் இறுகி இரைப்பையை அழுத்த, உள்ளிருக்கும் திரவம் மேலே ஏறிக் கவசமில்லாத சுவரில் படுகிறது. நடையில் இது குறைவு, வேகம் கூடக்கூட அதிகம். முந்தைய மாலை தின்ற தானியம் எப்போதோ கீழே இறங்கிவிட்டது; உமிழ்நீர் இல்லை; மிதக்கும் புல்லும் இல்லை. வெறும் வயிற்றோடு விடிகாலைப் பயிற்சிக்குப் போகும் குதிரையின் இரைப்பையில் அசைந்தாடுவது ஏறக்குறைய வெறும் அமிலம். மூன்று மீட்டர் நீளமுள்ள எண்டோஸ்கோப்பை மூக்கு வழியாக விட்டுப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில், பயிற்சியில் உள்ள தரோபிரெட் பந்தயக் குதிரைகளில் 80 சதவீதமும் அதற்கு மேலும் வயிற்றுப்புண் இருந்தது. புண்ணின் கடுமையை மருத்துவர்கள் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை தரம் பிரிக்கிறார்கள். படத்தில் வரப்பை ஒட்டி மஞ்சள் படலமோ சிவந்த கீறலோ தெரியும். முற்றிய புண்ணில் ரத்தம் கசிவதையும் பார்க்கலாம்.

வெளியே தெரியும் அடையாளங்கள் அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. வயிற்றுப்புண் உள்ள குதிரை கொள்ளுக்கும் வாயைத் திறக்காது, அல்லது இரண்டு வாய் தின்றுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். தானியத்தை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் தின்னும். சேணப் பட்டையை இறுக்கும்போது காதை மடக்கிக் கடிக்க வரும். ரோமத்தின் மினுக்கம் போகும்; ஓட்டத்தில் கடைசிச் சில நூறு மீட்டரில் தளரும். இவற்றில் ஒன்றுகூட இல்லாமலே உள்ளே மூன்றாம் தரப் புண்ணோடு ஓடும் குதிரைகளும் இருப்பதால், எண்டோஸ்கோப்பி செய்யாமல் உறுதியாகச் சொல்ல வழியில்லை.

மருந்து இருக்கிறது. மனிதர்கள் விழுங்கும் ஒமெப்ரசோல்தான் குதிரைக்கும். அமிலம் சுரக்கும் செல்களில் உள்ள பம்பை அது அடைக்கிறது. குதிரைக்கென்று தயாரித்த ஒமெப்ரசோல் பசைக்கு அமெரிக்காவில் 1999-இல் அனுமதி கிடைத்தது. விடிகாலையில் வெறும் வயிற்றில் கொடுத்து, அதன் பிறகு தீவனம் வைத்தால் மருந்து நன்றாக ஏறும். மேல்பகுதிப் புண்களில் 70 முதல் 80 சதவீதம் ஒரு மாதம்போல மருந்து கொடுப்பதில் ஆறிவிடுகின்றன. கீழ்ப்பகுதிப் புண் வேறு வகை. அமிலம் தெறிப்பதால் அல்ல, சளிக்கவசம் பழுதாவதால் வருவது அது. ஒமெப்ரசோல் மட்டும் கொடுத்தால் அவற்றில் கால் பங்குதான் ஆறுகிறது. 2015-இல் ஐரோப்பியக் குதிரை மருத்துவ வல்லுநர்கள் இரண்டையும் வெவ்வேறு நோய்களாகவே கருத வேண்டும் என்று அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம். மேல்புண்ணுக்கும் மருந்து பாதி வேலைதான். தீவன முறையை மாற்றாமல் மருந்தை நிறுத்தினால் அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரந்து புண் திரும்பிவிடும்.

தீவனத்தில் செய்ய வேண்டிய மாற்றம் எளிது, செலவும் குறைவு. சேணம் பூட்டுவதற்கு அரை மணி நேரம் முன்னால், நறுக்கிய காய்ந்த புல்லையோ குதிரை மசாலையோ இரண்டு கையளவு தின்னக் கொடுத்தால் போதும். வயிறு கனத்து ஓட்டம் கெடும் அளவுக்கு அது இல்லை; அமிலத்தின் மேல் பாய் விரிக்கும் அளவுக்கு இருக்கிறது. குதிரை மசாலில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அதிகம் இருப்பதால் அமிலத்தைத் தணிக்கும் வேலையையும் அது செய்கிறது. தமிழில் அந்தப் பயிருக்குக் குதிரையின் பெயரே அமைந்தது பொருத்தம். இரண்டு வேளைத் தீவனத்துக்கு நடுவே ஆறு மணி நேரத்துக்கு மேல் வாய் சும்மா இருக்கக் கூடாது என்பதும் இதே கணக்கில் வருகிறது. லாயத்தில் இதைத் தவறவிடும் பொழுது பெரும்பாலும் இரவு. மாலை ஐந்து மணிக்கு வைத்த புல்லைப் பத்து மணிக்குள் தின்று தீர்த்த குதிரைக்கு விடியும்வரை ஒன்றும் இருக்காது. சிறு கண்ணி வலைப்பையில் புல்லைக் கட்டித் தொங்கவிட்டால் ஒவ்வொரு வாயாக இழுத்துத் தின்னும். அதே புல் இன்னும் சில மணி நேரத்துக்கு வரும்.

இரைப்பையைக் கடந்தால் சிறுகுடல். இருபது மீட்டருக்கு மேல் நீளம் இருந்தாலும் தீவனம் அதில் வெகுநேரம் தங்குவதில்லை. சில மணி நேரத்தில் ஓடிவிடும். புரதம், கொழுப்பு, சர்க்கரை, மாவுச்சத்து எல்லாம் உறிஞ்சப்பட வேண்டிய இடம் இதுதான். குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. பித்தநீர் தொடர்ந்து சொட்டிக்கொண்டே இருக்கும். மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் நொதி அதன் கணையத்தில் மிகக் குறைவாகவே சுரக்கிறது. புல்லில் மாவுச்சத்து அதிகம் இல்லாததால் இயற்கையில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. பந்தயக் குதிரைக்கோ நாளைக்கு ஐந்தாறு கிலோ தானியம் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஒரே வேளையில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 கிராமுக்கு மேல் மாவுச்சத்து போனால் சிறுகுடலால் சமாளிக்க முடிவதில்லை. வயிற்றுப்புண்ணைத் தவிர்க்க வேண்டுமென்றால் ஒரு கிராமோடு நிறுத்த வேண்டும் என்கிறார்கள். 500 கிலோ குதிரைக்கு அது வேளைக்கு அரைக் கிலோ மாவுச்சத்து. ஓட்ஸில் கணக்கிட்டால் ஒன்றேகால் கிலோவுக்குள் அடங்கும். மக்காச்சோளமானால் முக்கால் கிலோதான். நாளைக்கு ஐந்து கிலோ தானியம் தேவைப்படும் குதிரைக்கு நான்கைந்து வேளையாகப் பிரித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

தானியத்துக்குத் தானியம் வித்தியாசமும் உண்டு. ஓட்ஸின் மாவுச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் சிறுகுடலிலேயே செரித்துவிடுகிறது. உடைக்காமல் வைத்த மக்காச்சோளத்தில் 30 சதவீதம்போலவே செரிக்கிறது. வேகவைத்தோ பொரித்தோ கொடுத்தால் அந்த அளவு வெகுவாகக் கூடும். உலகமெங்கும் லாயங்கள் ஓட்ஸைத் தேடிப் பிடித்த காரணம் இந்த எண்களில் தெரிகிறது, இந்த எண்கள் யாருக்கும் தெரியாத காலத்திலேயே அவை ஓட்ஸைப் பிடித்துவிட்டன என்றாலும்.

தென்னிந்தியாவில் அந்த இடத்தில் இருந்தது கொள்ளு. மதராஸ் மாகாணத்துக் குதிரைப்படை லாயங்களில் அதை வேகவைத்து, ஆறவைத்துக் கொடுத்தார்கள். கொள்ளில் புரதம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது; புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் பச்சைக் கொள்ளில் இருக்கின்றன. வேகவைத்தால் அவை பெருமளவு அழிந்துவிடும். பழைய லாயக்காரர்களின் வழக்கத்துக்கு வேதியியல் துணை நிற்கிறது. எல்லாப் பழைய வழக்கத்துக்கும் அப்படித் துணை கிடைப்பதில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரேபிய, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்கப்பட்டதையும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போனதையும் எழுதியிருக்கிறார். சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் குதிரைக்குக் கொடுத்தார்கள் என்கிறார் அவர். ஏறக்குறைய அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், வறுத்த பார்லியையும் நெய்யில் பிசைந்த தானியத்தையும் தின்னக் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்கவைத்தார்கள் என்று குறிக்கிறார். இருவரும் வெளியூர்க்காரர்கள், கேட்டதையும் சேர்த்து எழுதியவர்கள். வெப்பமும், லாடம் கட்டத் தெரிந்த ஆளில்லாத குறையும் சாவுக்குக் காரணமாக இருந்திருக்கும். ஆனாலும் நார் இல்லாத, மாவும் கொழுப்பும் நிறைந்த அந்தப் பட்டியலைப் பார்க்கும் எந்தக் கால்நடை மருத்துவருக்கும் அந்தக் குதிரைகளின் பெருங்குடலில் என்ன நடந்திருக்கும் என்பது புரியும்.

சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய மாவுச்சத்து போய்ச் சேரும் இடம் பின்குடல். குருட்டுக்குடல் ஒரு மீட்டர் நீளப் பை, 30 லிட்டர்போலக் கொள்ளும். பெருங்குடல் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. இங்கே கோடானுகோடி பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் புரோட்டோசோவாக்களும் புல்லின் நாரை உடைத்து, அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் ஆகிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குடல் சுவர் அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. புல்லை மட்டும் தின்னும் குதிரைக்கு வேண்டிய சக்தியில் பாதிக்கும் மேல் இப்படித்தான் கிடைக்கிறது. பி வகை வைட்டமின்களும் வைட்டமின் கே-யும் கூடவே கிடைக்கின்றன.

இந்த நுண்ணுயிர்க் கூட்டத்தில் நாரைத் தின்னும் வகை மெதுவாக வளரும். மாவைத் தின்னும் வகை வெகுவேகமாகப் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். சாதாரணமாக 6.5-க்கும் 7-க்கும் இடையே இருக்கும் பின்குடலின் அமிலகாரநிலை 6-க்குக் கீழே இறங்கினால் நார்ப் பாக்டீரியாக்கள் மடியத் தொடங்குகின்றன. செத்த பாக்டீரியாக்களின் சுவரிலிருந்து நச்சு வெளியேறுகிறது. புளித்த குடலின் சுவர் வழியாக அந்த நச்சு ரத்தத்தில் கலக்கிறது. முதலில் சாணம் இளகிப் புளித்த வாடை அடிக்கும். அடுத்து வயிற்று வலி வரலாம். அதைவிட மோசம், வலி காலுக்கு இறங்குவது. குளம்பின் கொம்புச்சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய மடிப்புகள் வீங்கிப் பிரியும் லாமினைட்டிஸ் நோய்க்கு, அளவுக்கு மீறித் தின்ற தானியம் நெடுங்காலமாக அறியப்பட்ட காரணம். மூட்டையை உடைத்துத் தானியம் தின்ற குதிரை மறுநாளோ அதற்கடுத்த நாளோ முன்கால்களை முன்னே நீட்டிப் பின்னே சாய்ந்து நிற்பதை லாயக்காரர்கள் பார்த்திருப்பார்கள். வயிற்றில் நடந்த விபத்தைக் குளம்பு காட்டுகிறது.

ஆகவே பந்தயக் குதிரையானாலும் தீவனத்துக்கு அடித்தளம் நார்தான். ஈரம் நீக்கிக் கணக்கிட்டு, உடல் எடையில் குறைந்தது 1.5 சதவீதம் புல்வகைத் தீவனம் நாள்தோறும் வேண்டும். இரண்டு சதவீதம் இருந்தால் நல்லது. 500 கிலோ குதிரைக்கு ஏழரை முதல் பத்துக் கிலோ. பயிற்சியாளர்கள் இதற்குச் சொல்லும் மறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. உள்ளே போன ஒவ்வொரு கிலோ புல்லும் மூன்று நான்கு லிட்டர் நீரைப் பின்குடலில் பிடித்து வைக்கும். ஓடும் குதிரைக்கு அது சுமை. பந்தயத்துக்கு முந்தைய ஓரிரு நாள் புல்லைச் சற்றுக் குறைப்பதில் தவறில்லை, ஒரு சதவீதத்துக்குக் கீழே போகாதவரை. முந்தைய நாள் காலையிலிருந்தே புல்லை அறவே எடுத்துவிடும் பழக்கம் குடலுக்கும் இரைப்பைக்கும் செய்யும் கேடு, குறைத்த எடையால் கிடைக்கும் ஆதாயத்தைவிடப் பெரிது. தானியமோ பந்தயத்துக்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன்பே நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் இன்சுலின் ஏறிய நேரத்தில் ஓட்டம் தொடங்கும். ரத்தச் சர்க்கரை இறங்கும், கொழுப்பு எரிவதும் தடைப்படும்.

எல்லா நாரும் ஒன்றல்ல. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், சத்து குறைவு. அதை மட்டும் தின்னும் குதிரைக்குக் குடலில் அடைப்பும் வயிற்றுப்புண்ணும் வர வாய்ப்பு கூடும். பூக்கும் முன் அறுத்து, பூஞ்சணம் பிடிக்காமல் உலர்த்திய புல் ஏற்றது. குதிரை மசாலை முழுத் தீவனமாக்காமல் புல்லோடு கலந்து வைப்பதே வழக்கம். தேவைக்கு மீறிய புரதம் சிறுநீரில் யூரியாவாகப் போய், லாயத்தில் கண்ணெரியும் அம்மோனியா நெடியாகத் தேங்கும்.

தானியத்தைக் குறைத்தால் ஓட்டத்துக்கு வேண்டிய சக்தி எங்கிருந்து வரும்? எண்ணெய் ஒரு வழி. புல்லில் கொழுப்பு மிகக் குறைவு என்றாலும், பழக்கினால் தீவனத்தில் பத்து சதவீதம்வரை எண்ணெயைக் குதிரை செரித்துக்கொள்ளும். அமிலமோ நொதித்தலோ இல்லாமல் அடர்த்தியான சக்தி கிடைக்கும். நெல் விளையும் நாட்டுக்கு அரிசித் தவிடு கையருகில் உள்ள பொருள். அதில் கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு வரை இருக்கும். ஆனால் ஆலையிலிருந்து வந்த தவிடு அதன் சொந்த நொதியாலேயே சில நாளில் சிக்குவாடை அடித்துவிடும். சூடேற்றி அந்த நொதியை முடக்கிய தவிடே குதிரைக்கு உகந்தது. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. ஐரோப்பாவில் மாவாலைக்காரர்களின் குதிரைகள் தவிட்டைத் தின்றே முகஎலும்பு வீங்கித் துன்புற்றன. அந்த நோய்க்கு அங்கே மாவாலைக்காரன் நோய் என்றே பெயர் விழுந்தது. தவிடு வைப்பவர் சுண்ணாம்புச் சத்தையும் சேர்த்து வைக்க வேண்டும்.

தண்ணீரைச் செரிமானத்தோடு சேர்த்து யோசிப்பவர்கள் குறைவு. குதிரையின் பின்குடல் நொதிக்கும் தொட்டி மட்டுமல்ல, நீரும் உப்பும் சேமிக்கும் தொட்டியும்கூட. வெயிலில் கடுமையாக ஓடும் குதிரை ஒரு மணி நேரத்தில் பத்து லிட்டருக்கு மேல் வியர்வை சிந்தும். அதோடு சோடியமும் குளோரைடும் பொட்டாசியமும் போகும். அந்த இழப்பை ஈடுசெய்ய உடல் முதலில் கைவைப்பது பெருங்குடலில் உள்ள நீரில்தான். புல் தின்ற குதிரையிடம் அந்தச் சேமிப்பு பெரிதாக இருக்கும். சேமிப்பு வற்றினால் சாணம் இறுகும். பெருங்குடல் திடீரென்று குறுகித் திரும்பும் கொண்டைஊசி வளைவில் அது சிக்கிக்கொள்ளும்.

நெடுந்தூரப் பந்தயங்களில் இதை நேரில் பார்க்கலாம். 160 கிலோமீட்டர் ஓட்டத்தை முப்பது நாற்பது கிலோமீட்டர்த் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் மருத்துவச் சோதனை வைப்பார்கள். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பைக் குதிரையின் வயிற்றில் நான்கு இடங்களில் வைக்கிறார்: இடப்பக்கம் மேலே, கீழே, வலப்பக்கம் மேலே, கீழே. நலமான குடல் உறுமிக்கொண்டே இருக்கும். வலப்பக்க மேல்புறத்தில், குருட்டுக்குடலின் வாயருகே, குழாயில் தண்ணீர் இறங்குவதுபோல நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை கேட்கும். ஓட்டத்தின்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் திருப்பப்படுவதால் குடல் ஓய்ந்து போகும்; சத்தம் குறைந்தால் அட்டையில் குறிப்பார்கள், நான்கு இடத்திலும் அடங்கிப்போனால் குதிரையை மேலே போக விடமாட்டார்கள். நாடித்துடிப்பு இறங்கிய பிறகும் குடல் ஓசையின்மையாலேயே விலக்கப்பட்ட குதிரைகள் உண்டு. சோதனைக்குப் பின் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் முதலில் நீட்டப்படுவது ஈரப்புல்லும் தண்ணீரும். தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும் என்று சூடான குதிரையைத் தாகத்தோடு நிறுத்திவைப்பது பழைய நம்பிக்கை. ஓட்டம் முடிந்த உடனே குடிக்க விடுவதால் தீங்கில்லை என்பது பிற்கால ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. தானியத்துக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

தீவனத்தை மாற்றும்போது பின்குடலின் நுண்ணுயிர்க் கூட்டமும் மாற வேண்டியிருக்கிறது. அதற்கு ஏழு முதல் பதினான்கு நாள் வேண்டும். வயிற்று வலி வந்த குதிரைகளை ஆராய்ந்தபோது, முந்தைய இரண்டு வாரத்தில் தானியமோ புல்லோ மாறியிருந்தது திரும்பத் திரும்பத் தெரியவந்தது. தானியத்தை மாற்றினால் கவலைப்படும் லாயங்கள் புல் கட்டு புதிய இடத்திலிருந்து வந்ததைக் கவனிப்பதில்லை. பயணமும் இந்தக் கணக்கில் சேரும். பல ஆண்டுகளாகக் கோடைப் பந்தயங்களுக்குச் சென்னையிலிருந்து உதகைக்குக் குதிரைகளை லாரியில் ஏற்றிப் போனார்கள்; ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பயணத்தில் சமவெளி வெக்கையிலிருந்து மலைக்குளிருக்கு ஏறும்போது தண்ணீர், புல், தூக்கம் மூன்றும் ஒரே நாளில் மாறும். பழகிய புல்லை இரண்டு வாரத்துக்காவது கூடவே ஏற்றிச் செல்வது அப்போது செய்யக்கூடிய பெரிய உதவி. லாரியில் நிற்கும்போதும் வலைப்பையில் புல் தொங்க வேண்டும்.

பல், புழு, மணல் மூன்றும் சின்ன விஷயங்களாகத் தோன்றும். குதிரையின் பல் ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் முளைத்துத் தேய்ந்துகொண்டே இருப்பது. ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழித்தால் மெல்லுவது வலிக்கும். பாதி மென்ற புல்லை உருண்டையாகத் துப்பும். இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுவரை, அதாவது பந்தய வயதில்தான் பால்பற்கள் விழுகின்றன. அப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல்லைப் பார்த்து அராவிவிட வேண்டும். குடற்புழுவுக்கு நாள் பார்த்து எல்லாக் குதிரைக்கும் மருந்து ஊற்றிய காலம் போய்விட்டது. புழுக்கள் மருந்துக்கு அடங்காமல் பழகிவிட்டதால், சாணத்தில் முட்டையை எண்ணி, தேவைப்படும் குதிரைக்கு மட்டும் கொடுப்பதே இன்றைய முறை.

மணல் சற்று வேடிக்கையானது. தரையில் கொட்டிய புல்லைத் தின்னும்போது உள்ளே போன மணல் பெருங்குடலின் அடியில் படிந்து கிலோக்கணக்கில் சேரும். இருக்கிறதா என்று பார்க்கச் சாணத்தை ஒரு கையுறையில் போட்டு, நீர் ஊற்றி, தொங்கவிட்டால் விரல் நுனியில் மணல் இறங்கும். அதை வெளியேற்றப் பல இடங்களில் கொடுப்பது இசப்கோல், மனிதர்கள் மலச்சிக்கலுக்குக் குடிக்கும் அதே உமி. பாரசீகத்தில் அந்தப் பெயருக்குக் குதிரைக் காது என்று பொருள், விதையின் வடிவத்தைப் பார்த்து வைத்தது. தரையில் ரப்பர் விரிப்பைப் போட்டு அதன்மேல் புல்லை வைத்தால் இவ்வளவும் தேவைப்படாது.

சந்தையில் குதிரைக் குடலுக்கென்று விற்கும் பொடிகளும் பசைகளும் ஏராளம். அவற்றில் ஈஸ்ட் சேர்த்த தீவனத்துக்கு நார்ச் செரிமானத்தைச் சற்றுக் கூட்டும் சான்று உண்டு. உயிருள்ள பாக்டீரியா அடங்கியதாகச் சொல்லப்படும் பல பொருள்களுக்கு அந்த அளவு சான்று இல்லை. பெட்டியில் எழுதிய எண்ணிக்கையும் உள்ளே உள்ளதும் ஒத்துப்போகாததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அமிலத்தைத் தணிக்கும் பொடிகளின் பலன் ஒன்றிரண்டு மணி நேரத்தோடு சரி. வலிக்குக் கொடுக்கும் ஃபினைல்பியூட்டசோன் போன்ற மருந்துகளை அளவு மீறியோ நீண்ட நாளோ கொடுத்தால் இரைப்பையிலும் பெருங்குடலின் வலப்பகுதியிலும் புண் விழும் என்பது மட்டும் உறுதியானது. கால்வலிக் குதிரைக்கு வயிற்று வலியும் சேர்வது பெரும்பாலும் இப்படித்தான்.

எவ்வளவு கவனித்தாலும் சூலை வருவதுண்டு. வயிற்றின் எந்தப் பகுதியில் வலி வந்தாலும் அதற்குப் பொதுப்பெயர் அது. வாயு சேர்ந்ததால் ஒரு மணி நேரத்தில் தீரும் வலியும் சூலைதான். எங்கும் கட்டப்படாமல் தொங்கும் பெருங்குடல் முறுக்கிக்கொண்டு சில மணி நேரத்தில் உயிரை எடுப்பதும் சூலைதான். ஓடிய 18 பந்தயங்களிலும் தோற்காத, இன்றைய தரோபிரெட் ஆண்வழியில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதையான எக்லிப்ஸ், 1789-இல் சூலையால்தான் செத்தது. அதை அறுத்து ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் சென்பெல், இரண்டு ஆண்டுகள் கழித்து லண்டனில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு முதல் தலைவரானார்.

முன்காலால் தரையைக் கிளறுவது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, மேலுதட்டைச் சுருட்டுவது, படுத்து எழுவது, உருளுவது ஆகியவை அடையாளங்கள். மருத்துவர் வருவதற்குள் தொட்டியில் உள்ள தீவனத்தை எடுத்துவிட வேண்டும். கடைசியாகச் சாணம் போட்ட நேரத்தையும் நாடித்துடிப்பையும் ஈறின் நிறத்தையும் எழுதி வைக்க வேண்டும். ஓய்வில் உள்ள குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு. 60-ஐத் தாண்டி, ஈறு இளஞ்சிவப்பிலிருந்து கருஞ்சிவப்புக்கோ ஊதாவுக்கோ மாறினால் நேரம் குறைவு. வாந்தி எடுக்க முடியாத பிராணி என்பதால் மருத்துவர் முதலில் மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு குழாயை இறக்குகிறார். தேங்கிய நீர் வாளியில் கொட்டத் தொடங்கியதும் துடிப்பு இறங்குவது சில சமயம் அங்கேயே தெரியும். அந்தக் குழாய் வழியாகவே அடைப்பை இளக்க நீரும் உப்பும் உள்ளே போகும். வலி அடங்கி, குடல் ஓசை திரும்பி, சாணமும் விழுந்த பிறகு மறுபடி தீவனம் தொடங்கும். தானியம் இன்னும் சில நாள் வராது. முதல் வேளைக்கு வைப்பது ஒரு கைப்பிடி நனைத்த புல். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு கைப்பிடி.